மச்சான் எறிந்த பந்து

ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட எலக்ட்ரீஷியன் பிழைத்து எழுந்ததே பெரிய காரியம். ஆனால் அவர் உலகத்தில் இடது பக்கம் என்ற ஒன்றே இல்லாமல் போயிருந்தது. கண்ணில் கோளாறில்லை, மூளைதான் அந்தப் பக்கத்தைக் கண்டுகொள்ளவில்லை. தட்டில் பாதிச் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு, இன்னும் பசிக்கிறது என்பார். அசையக்கூடிய இடக்கையை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பையைப் போல மடியில் போட்டிருப்பார்.

மறுவாழ்வு மையத்தில் தெரபிஸ்ட் பெண் அவருக்கு வி.ஆர். கண்ணாடியை மாட்டி, இரு கைகளிலும் பிடிகளைக் கொடுத்தாள். அதற்குள் ஒரு மைதானம். பறந்து வரும் பந்துகளைக் கையை வீசித் தட்ட வேண்டும். அவர் காண்பதையெல்லாம் மனைவி சுவர் டி.வி.யில் பார்த்தாள். வலப் பக்கப் பந்துகள் சிதறின. இடப் பக்கத்துப் பந்துகள் கேட்பாரற்றுப் போயின. அங்கேயும் பார்க்கச் சொன்னால், பார்த்துவிட்டதாகச் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஒருநாள் அவள் தம்பியும் கூட வந்தான். அவனும் அவள் கணவரும் கீரியும் பாம்பும்தான். ஆனால் ஒருவரையொருவர் சீண்டாமல் இருவருக்கும் சோறு இறங்காது. ஒருவர் மேல் ஒருவர் பந்தெறிந்து இரண்டு பேர் ஆடும் விளையாட்டும் இருக்கிறதென்று தெரபிஸ்ட் அவனுக்கும் ஒரு கண்ணாடி மாட்டி, வேண்டுமென்றே மச்சானின் இடப் பக்கத்தில் நிறுத்தினாள்.

முதல் பந்து பட்டதும் அவர் இடக்கைப் பிடி அதிர்ந்தது.

"யாருடா அது?"

"நான்தான் மச்சான். கேரம்லதான் தோப்பீங்க, இதுலயுமா?"

அவர் வலப் பக்கமெல்லாம் துழாவினார். ஆளைக் காணோம். அடுத்த பந்தும் பட்டது, கூடவே ஒரு சிரிப்பு. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பு வந்த திசையில் தலை மெல்ல மெல்லத் திரும்பியது. டி.வி.யில் மைதானம் நகர்ந்து நகர்ந்து, ஓரத்தில் குதித்துக்கொண்டிருந்த ஓர் உருவம் தெரிந்தது.

"மாட்டினியா" என்றார்.

மடியிலிருந்த இடக்கை எழுந்து பந்தை வீசியது. பந்து தம்பியின் மூக்கில் போய் விழுந்தது. அவன் நிஜத்தரையிலேயே மல்லாந்து படுத்துவிட்டான். தெரபிஸ்ட் கைதட்ட, மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. தம்பி வேலை முடிந்ததும் வந்து அடி வாங்கிக்கொண்டு போனான். அக்காவுக்காகத்தான் தோற்கிறேன் என்று முதலில் பெருமையடித்தவன், பிறகு நிஜமாகவே தோற்க ஆரம்பித்தான்.

அப்படி அவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்த ஒரு மாலையில், நடைவழியில் அவர் சட்டென்று நின்று இடப் பக்கம் திரும்பினார். அங்கே மனைவி அவர் கையைப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தாள்.

"நீ எப்ப வந்த?"

"கூடவேதாங்க வர்றேன்."

அவர் அவளை ஆற அமரப் பார்த்தார். பிறகு அவள் விரல்களை இடக்கையால் இறுகப் பிடித்தார்.

"வலிக்குதுங்க" என்றாள். ஆனால் கையை விடுவிக்கவில்லை.