முப்பதுக்கு மேல் போகாத வண்டி

சனிக்கிழமை காலை, ரயில்வே மேம்பாலத்தில் பாதி ஏறியதும் எங்கள் வண்டி முக்க ஆரம்பித்தது. நாலு சக்கரத்துக்கும் இழுவை உள்ள டீசல் வண்டி. காடு மேடு பார்க்காமல் ஏறும் என்று சொல்லி விற்கப்பட்ட வண்டி. காய்கறி மூட்டை கட்டிய சைக்கிள் ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. ஓட்டியவர் திரும்பிப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தார்.

"பதறாதே. லேசா சூடாகியிருக்கும்," என்றார் என் கணவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் மலைமேல் இருக்கும் சுகாதார நிலையத்தில் நான் தலைமைச் செவிலியாகப் பொறுப்பேற்க வேண்டும். பதினோரு வருடம் காத்திருந்து கிடைத்த பதவி. நேரம் தவறினால் அந்தப் பதவி, பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். மேலே பஸ் கிடையாது. கடைசிப் பதினோரு கிலோமீட்டர் வெறும் மண் பாதை, அதுவும் மழையில் ஊறிக் கிடக்கிறது. வாடகை ஜீப்காரரைக் கேட்டதற்கு, சகதி காயட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று கையை விரித்துவிட்டார்.

"உனக்கு என்னைக்காவது மேலே வேலை வரும், அப்போ உதவும்" என்று சொல்லித்தான் நான்கு வருடத்துக்கு முன் இந்த வண்டியைப் பழையதாக வாங்கினார். அன்றிலிருந்து அது எங்களைத் தின்றுகொண்டிருக்கிறது. முதல் வருடம் இன்ஜெக்டர் இரண்டு போயிற்று. அது சரியானதும் டர்போவுக்குப் போகும் குழாய் கிழிந்தது. அப்புறம் பேட்டரி. நின்ற இடத்திலேயே நின்று டயர்களில் வெடிப்பு விட்டதால் நாலையும் ஒரே நாளில் மாற்றினோம். இன்சூரன்ஸ் கட்டுகிற மாதம் வந்தால் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டோம். சமையலறைக் குழாய் ஒழுகுவதை மாற்றச் சொன்னால் மட்டும் அவருக்குக் கையைக் கடிக்கும்.

இத்தனைக்கும் வண்டி ஓடியதா என்றால் அதுவும் இல்லை. அவருடைய அலுவலகம் இரண்டு கிலோமீட்டர். அங்கே போகும், வரும், ஷாம்பு போட்டுக் குளிக்கும், உறையை மூடிக்கொண்டு தூங்கும். முப்பதுக்கு மேல் ஓட்ட மாட்டார். நான் எப்போதாவது "கொஞ்சம் மிதிங்களேன்" என்றால், "இன்ஜினுக்கு வலிக்கும்" என்பார். எனக்கு வலிப்பதைப் பற்றி அவர் கேட்டதாக நினைவில்லை.

எப்படியோ பாலத்தைத் தாண்டி, உருட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தோம். மெக்கானிக்கை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அன்று அதெல்லாம் செய்யவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தவர், மீட்டர் பலகையில் ஓர் இடத்தில் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பை நகத்தால் உரித்தார். அதற்கடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"யாரு சார் இதை ஒட்டினது?"

"கண்ணைக் கூசுது," என்றார் என் கணவர்.

நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

டாக்டர் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு என்னிடம்தான் பேசினார். "சிஸ்டர், புகைக் குழாயில கரியைப் பிடிக்கிற ஃபில்டர் ஒண்ணு இருக்கு. வண்டி வேகமா ஓடிச் சூடேறினாத்தான் அந்தக் கரி எரிஞ்சு போகும். மெதுவா ஓட்டினா கரி சேர்ந்துக்கிட்டே இருக்கும். இப்போ தொண்டை வரைக்கும் அடைச்சிருக்கு. அதான் வண்டி தானாவே சக்தியைக் குறைச்சிக்கிச்சு."

"அப்போ இவ்வளவு நாளா பொத்திப் பொத்தி ஓட்டினதாலதான் கெட்டுப்போச்சா?"

"ஆமா சிஸ்டர். மூணு மாசத்துக்கு முன்னாடியே சொன்னேனே. வாரம் ஒரு தடவை பைபாஸ்ல அரை மணி நேரம் அடிச்சு ஓட்டுங்க, செலவே இல்லாம சரியாயிடும்னு. சார் உங்ககிட்ட சொல்லலையா?"

சார் டயரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டியை நிற்க வைத்தே கரியை எரிக்க முடியுமா என்று முயன்று பார்த்தார் டாக்டர். அது எரியாவிட்டால் புது ஃபில்டர்தான், அதன் விலைக்கு எங்கள் வண்டியில் பாதியை விற்க வேண்டும். முக்கால் மணி நேரம் இன்ஜின் அலறியது. சூட்டில் காற்றே நெளிந்தது. என் கணவர் காதைப் பொத்திக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார். பட்டறை வாசலில் ஒரு பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்து நான் அந்த அலறலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் ஆரஞ்சு விளக்கு அணைந்தது. கரியை எரிக்க இன்ஜின் தானே முயன்று முயன்று டீசல் கலந்துபோன ஆயிலையும் மாற்றினோம். அந்த மாதச் சம்பளத்தில் மிச்சமிருந்தது அதோடு சரி.

திங்கட்கிழமை ஐந்தரைக்குக் கிளம்பும்போது சாவியை நான் எடுத்துக்கொண்டேன். தடுப்பூசி முகாம்களுக்கு மருத்துவமனை வேனை ஆறு வருடம் ஓட்டியவள் நான்.

"உனக்கு இது பழக்கமில்ல," என்றார்.

"உங்களுக்கு மட்டும் இருக்கா?"

பைபாஸில் எண்பதைத் தொட்டேன். வண்டி அப்பாடா என்று மூச்சு விட்டதுபோல் இருந்தது. அவர் மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்த கையை எடுக்கவேயில்லை. மண் பாதை தொடங்கிய இடத்தில் நாலு சக்கர லீவரைப் போடப் பார்த்தால் அது அசையவில்லை. நான்கு வருடமாக யாரும் தொடாத லீவர், துருவேறிப் போயிருந்தது. மணி ஏழே முக்கால். ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து, நாலு கையாலும் பிடித்து ஒரு இழு இழுத்தபோது டடக்கென்று விழுந்தது. அதற்கப்புறம் சகதி கண்ணாடி வரை அடித்தது. அவர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் "ஐயோ" என்றார். நான் நிறுத்தவில்லை.

ஒன்பது ஐம்பதுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தபோது அவர் சகதியோடு நின்ற வண்டியைத் துடைக்கவில்லை. படியில் உட்கார்ந்து செவிலியர் குடியிருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஓர் அறை, ஒற்றைக் கட்டில். வாரத்துக்கு ஆறு நாள் நான் அங்கேதான் இருக்க வேண்டும்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"டாக்டர் மூணு மாசம் முன்னாடி சொன்னாரு. எனக்கு உத்தரவு வந்ததும் அந்த வாரம்தான். மறந்துட்டீங்களா, வேணும்னே விட்டீங்களா?"

அவர் செருப்பில் ஒட்டிய சகதியைப் படியின் விளிம்பில் தேய்த்தார். பிறகு, "வண்டி ஏறலைன்னா நீ வீட்டிலேயே இருப்பேன்னு தோணிச்சு," என்றார்.

பதினோரு வருடம். இந்த மனிதர் அதை ஒரு கறுப்பு டேப்பை ஒட்டி மூடப் பார்த்திருக்கிறார். கையில் எது கிடைத்திருந்தாலும் தூக்கி எறிந்திருப்பேன்.

"போகாதேன்னு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேனே!"

"தெரியும்," என்றார். "என் வார்த்தைக்காக நீ விட்டுட்டதா ஆயிடும். அதனாலதான் சொல்லல."