ரோமாபுரியில் ஒரு கல்யாணச் சாவு

லிட்கம் ஊர் மண்டபத்தில் பழங்காசு சேகரிப்போர் சங்கத்தின் மாதக் கூட்டம். சந்திரகலா கடைசி வரிசையில் மகளின் தண்ணீர் பாட்டிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பார்கவி முதல் முறையாகப் பேசப் போகிறாள். பிளாக்டவுன் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வீட்டுக்கு நாலு பேர் வந்தால் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் பெண். இன்று பாதியில் இறங்கிவிட்டால் இனி எந்த மேடையையும் ஏறிட்டும் பார்க்கமாட்டாள்.

திரையில் பழைய ரோமாபுரி வெள்ளிக் காசு ஒன்றின் படம் விரிந்தது. மாலை சுற்றிய அடுக்குகள், உச்சியில் நாலு குதிரை பூட்டிய ரதம். போன வாரம் சமையலறையில் அந்தப் படத்தைப் பார்த்ததும், "என்னடி, தேர்ப்பாடை? யாரு போனது?" என்று கேட்டிருந்தாள் சந்திரகலா. "ரோம் ராஜாம்மா. நீ வேற," என்று சொன்ன பார்கவி, அன்று சாப்பாட்டு மேஜையில் தேர்ப்பாடை, கல்யாணச் சாவு என்று அம்மாவைக் கேட்டுக் குடைந்து கொண்டிருந்தாள்.

"இது அரண்மனை அல்ல, சிதை," என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள் பார்கவி. குரல் நூலாக வந்தது. எழுபது தாண்டி வாழ்ந்த பேரரசர் அந்தோனினஸ் பயஸ். இறந்தபின் அவரைத் தெய்வமாக்கினார்கள். பேரரசர்களுக்கு மெழுகில் உருவம் செய்து சிதையில் கிடத்துவது உண்டு. தீ மூட்டியதும் உச்சியிலிருந்து கழுகைப் பறக்கவிடுவார்கள். உயிர் அதோடு வானுக்குப் போகும் என்பது நம்பிக்கை.

முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கையை உயர்த்தினார். "செத்த வீட்டில் இவ்வளவு ஜோடனையா? யாருமே அழவில்லையா?"

பார்கவி கையிலிருந்த காகிதத்தில் பதிலைத் தேடினாள். சந்திரகலாவின் கையில் பாட்டில் நசுங்கியது.

"வெட்டிங் டெத்," என்றாள் பார்கவி.

"மாப்பிள்ளை யார்?" என்றார் பெரியவர். மண்டபம் சிரித்தது.

சந்திரகலா கண்ணை மூடிக்கொண்டாள். கல்யாணச் சாவை அப்படியே தூக்கி இங்கிலீஷில் போட்டுவிட்டாள். போச்சு.

"மாப்பிள்ளை இல்லை, பிணம்தான்," என்று மகளின் குரல் கேட்டது. அதுவும் சிரித்துக்கொண்டிருந்தது. "எங்கள் ஊரில் பேரன் பேத்தி கண்டு போனவரை அழுதுகொண்டேதான் மேளத்தோடு அனுப்புவோம். பாடையைத் தேர் மாதிரி அடுக்கடுக்காகப் பூ வைத்துக் கட்டுவோம். வழியெல்லாம் பொரியும் காசும் இறைப்போம். நீங்கள் ஆல்பத்தில் பூட்டி வைப்பதை நாங்கள் தெருவில் வீசுகிறோம்."

மறுபடி சிரிப்பு. இந்த முறை அவளோடு சேர்ந்து. பெரியவர் முதல் ஆளாகக் கைதட்டினார். அதற்குப் பிறகு பார்கவி காகிதத்தைப் பார்க்கவே இல்லை. நேரம் முடிந்தது என்று தலைவர் மணியடித்த பிறகும் கழுகைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வண்டியில் ஏறியதும் சந்திரகலா திருச்சியிலிருக்கும் தங்கைக்குப் போன் போட்டாள்.

"விமலா, எழவு வீட்டுக் கதையைச் சொல்லி வெள்ளைக்காரங்ககிட்ட கைதட்டு வாங்கிட்டாடி."

"மெதுவா பேசும்மா," என்றாள் ஓட்டிக்கொண்டிருந்த பார்கவி.

"நான் மெதுவா பேசணுமா? உன்னை மணியடிச்சு உக்கார வெச்சாங்க. அதை மறந்துட்டியா?"