எட்டில் ஒரு பங்கு

பட்டறைக்கு வருகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் பல் டாக்டர். பல்லை எண்ணாமல் எந்தப் பல்சக்கரத்தையும் அவர் வண்டியில் ஏற்றியதில்லை. பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்ப மாட்டார். விற்றவன் சத்தியம் செய்தால் இன்னும் நம்ப மாட்டார். ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு, அங்கிருந்து விரலால் தொட்டுத் தொட்டு எண்ணி, அதே கோட்டுக்குத் திரும்புவார். பிறகு முதலிலிருந்து ஒரு முறை. இருபது வருடமாக அப்படித்தான்.

தங்கை வீட்டுக்காரருக்கு மலை உச்சியில் வேலை. அங்கே செல்போன் டவர் ஒன்று, அதற்கு ஒரு ஜெனரேட்டர். ஜெனரேட்டருக்கு வாரம் இரண்டு முறை டீசல் ஏற்றிப் போக வேண்டும். மாப்பிள்ளையிடம் இருந்தது நாலு சக்கரமும் இழுக்கிற குட்டி வண்டி. எஞ்சின் சின்னது. மழையில் பாதை அரித்துப் பள்ளம் விழுந்ததும், யாரையும் கேட்காமல் போய் நெஞ்சுயரத்துக்கு நாலு டயர் வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். பள்ளத்தை டயர் தாண்டியது. மேட்டை எஞ்சின் ஏறவில்லை.

குருவி தலையில் பனங்காயை வைத்துவிட்டுக் குருவியைக் குறை சொன்னால் எப்படி மாப்பிள்ளை என்று அவர் கேட்டார். அதனால்தான் குருவியை டாக்டரிடம் கூட்டி வந்திருக்கிறேன் என்றார் மாப்பிள்ளை.

டயர் பெரிதானால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி அதிக தூரம் போகும். அத்தனை பாரமும் எஞ்சின் தலையில். அதற்கு வைத்தியம் ஒன்றுதான்: ஆக்சிலுக்குள் இருக்கிற பல்சக்கர ஜோடியை மாற்றுவது. எஞ்சினிலிருந்து வரும் ஷாஃப்ட் அதிகம் சுற்ற வேண்டும், சக்கரம் குறைவாகச் சுற்ற வேண்டும். அப்போது சின்ன எஞ்சினும் இழுக்கும்.

ஆனால் வண்டிக்கு ஆக்சில் இரண்டு. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷாஃப்ட். இரண்டுக்கும் ஒரே கணக்கு இருந்தாக வேண்டும். கணக்கு வேறானால், நாலு சக்கரத்தையும் எஞ்சினோடு பூட்டி ஓட்டும்போது முன்பக்கம் ஒரு வேகம் கேட்கும், பின்பக்கம் ஒரு வேகம் கேட்கும். ஒன்றை ஒன்று முறுக்கும். மண் தரையில் டயர் சறுக்கி முறுக்கை விட்டுவிடும். கெட்டித் தரையில் விடாது. எது பலவீனமோ அது முறியும் வரை ஏறிக்கொண்டே போகும்.

பின் ஆக்சிலுக்குப் புது ஜோடி கிடைத்தது. பெரிய சக்கரத்தில் நாற்பத்தொரு பல், சின்னதில் எட்டு. இரண்டு முறை எண்ணினார். முன்னதற்குக் கிடைக்கவில்லை. பழைய இரும்புக் கடையில் ஆக்சிலே முழுதாகக் கிடந்தது. இதுவும் நாற்பத்தொன்றுக்கு எட்டுதான், கூடப் பிறந்தது மாதிரி என்றான் கடைக்காரன். பிரித்து எண்ண அரை நாள் வேண்டும். அரை நாள் இல்லை. காலையிலேயே டவரில் டீசல் தீர்ந்து ஜெனரேட்டர் நின்றுவிட்டது. ஊரில் ஒரு போனும் பேசவில்லை. அவர் பின் ஆக்சிலைப் பூட்டி முடிப்பதற்குள் மாப்பிள்ளை முன் ஆக்சிலை மாட்டி நட்டும் முடுக்கிவிட்டார்.

பிரிக்காமல் எண்ணவும் வழி உண்டு. போன வாரம் கல்குவாரி சூப்பர்வைசரின் வண்டிக்கு அப்படித்தான் பார்த்தார். அதே கடை ஆக்சில்தான் அதுவும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஒரு பக்கச் சக்கரத்தை அசையாமல் நிறுத்தி, மறுபக்கச் சக்கரத்தை இரண்டு சுற்று சுற்ற வேண்டும். அதற்குள் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் கணக்கு. நாற்பத்தொன்றுக்கு எட்டு என்றால் ஐந்து சுற்று, அதற்கு மேல் எட்டில் ஒரு பங்கு.

பின்பக்கம் பார்த்து வண்டிக்கு அடியில் படுத்தார். ஷாஃப்ட்டின் உச்சியில் சாக்பீஸ் கோடு. மாப்பிள்ளை சக்கரத்தைச் சுற்றினார். கோடு கீழே இறங்கி மூக்குக்கு நேராக வரும்போதெல்லாம் ஒன்று என்று எண்ணினார். ஐந்து முறை வந்தது. கடைசியில் உச்சிக்குச் சற்று வலப்பக்கம் நின்றது.

எழுந்து, முன்பக்கம் பார்த்துப் படுத்தார். ஐந்து முறை வந்தது. உச்சிக்குச் சற்று வலப்பக்கம் நின்றது.

"அதே இடம்" என்றார்.

"அப்ப கிளம்பட்டுமா?"

வாசலில் ஒரு சிமெண்ட் தளம். நாலு சக்கரத்தையும் பூட்டி, மாப்பிள்ளை அதில் இரண்டு வட்டம் அடித்தார். பிறகு பூட்டுகிற லீவரை விடுவிக்கப் பார்த்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். வண்டியை இரண்டடி பின்னால் எடுத்ததும் அடியில் எங்கோ டொக் என்றது. லீவர் தானாக வந்தது.

"என்ன மச்சான், வண்டிக்கு மாப்பிள்ளை முறுக்கா?"

"உங்க வண்டிதானே. வேற எப்படி இருக்கும்?"

இருவரும் சிரித்தார்கள். கிரீஸ் புதிது, ஓடினால் இளகிவிடும் என்றார் அவர். டொக் என்ற சத்தம் காதில் கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு போய்விட்டது.

புறப்படும்போது அவர் மாப்பிள்ளையிடம் ஒன்று சொன்னார். பெரிய டயர் போட்டால் பிரேக் பழைய பிரேக்காக இருக்காது. இந்த வண்டியின் ஹேண்ட் பிரேக்கும் சக்கரத்தில் இல்லை, நடுவில் பின் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கிறது. அதனால் இறங்கும்போது நாலையும் பூட்டி, கியரின் பிடியிலேயே இறங்க வேண்டும். எந்தக் காரணத்துக்கும் விடுவிக்கக் கூடாது. மாப்பிள்ளை இரண்டு முறை தலையாட்டினார். பெரியவர்கள் சொன்னால் கேட்கிற ஆள்.

மூன்று மணிக்குத் தங்கை வந்தாள். வண்டிக்குப் போர்த்துகிற தார்ப்பாயை அவள் வீட்டுக்காரர் பட்டறையிலேயே விட்டுப் போயிருந்தார். வானம் கறுத்துக்கொண்டிருந்தது. மழை வந்தால் வண்டி நனையும், என்னைத்தான் கேட்பார் என்றாள். தார்ப்பாய் பெரிது, ஒருவரால் மடிக்க முடியாது. அவர் ஒரு முனையைப் பிடித்தார், எதிரே நின்று அவள் மறுமுனையைப் பிடித்தாள்.

உங்கள் கை பட்ட வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம் என்று வீட்டில் ஓயாமல் சொல்கிறார் என்றாள். மலையில் கண்ணைத் திறந்தே ஓட்டச் சொல் என்றார் அவர்.

தார்ப்பாய் கோணியிருந்தது.

"வலது பக்கம் இழும்மா."

அவள் இழுத்தாள். அவரும் இழுத்தார். கோணல் இன்னும் கூடியது.

"என் வலது பக்கமா, உங்க வலது பக்கமா அண்ணா? எதிரும் புதிருமா நின்னுகிட்டு வலதுன்னா எப்படி?"

அவர் கை நின்றது.

பின்பக்கம் பார்த்துப் படுத்தார். முன்பக்கம் பார்த்துப் படுத்தார். வண்டிக்கு அடியில் இரண்டு ஷாஃப்ட்டும் ஒரே திசையில்தான் சுற்றும். எதிரும் புதிருமாகப் படுத்துப் பார்த்தவருக்கு ஒன்று வலமாகவும் மற்றது இடமாகவும் சுற்றியிருக்க வேண்டும். பின்னால், கோடு உச்சியைத் தாண்டி வலப்பக்கம் நின்றது. முன்னால், இடமாகச் சுற்றி வந்த கோடு வலப்பக்கம் நின்றதென்றால், அது உச்சியைத் தாண்டவில்லை. உச்சியை எட்டவே இல்லை.

முனையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனார். ஒரு டப்பா மூடியில் சாக்பீஸ் கோடு போட்டார். இந்தப் பக்கமிருந்து சுற்றினார். மேஜையைச் சுற்றிப் போய் அந்தப் பக்கமிருந்து பார்த்தார். பின்னால் ஐந்தும் எட்டில் ஒன்றும். முன்னால் ஐந்துக்கு எட்டில் ஒன்று குறைவு. நாற்பத்தொன்றல்ல, முப்பத்தொன்பது. இரண்டு பல்.

சிமெண்ட் தளத்தில் டொக் என்றது கிரீஸ் இல்லை.

மலை உச்சிக்குக் கீழே கடைசி இரண்டு மைல் பாதைக்குப் போன வருடம் கான்கிரீட் போட்டிருந்தார்கள். மேலே ஏறும்போது வண்டி அதில் கொஞ்சம் முறுக்கியிருக்கும். டவருக்கு முன்னால் மண் தரை, அங்கே விட்டிருக்கும். இறங்கும்போது முழுப் பாரமும் முன்னோக்கித் தள்ளும். இறங்கும்போதுதான் விடுவிக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

போனை எடுத்தார். சிக்னல் இல்லை. மாப்பிள்ளை மேலே போய் டீசலை ஊற்றினால்தான் சிக்னல் வரும். சிக்னல் வந்தால் அவர் இறங்கப் போகிறார் என்று அர்த்தம்.

"என்ன அண்ணா?"

"ஒண்ணுமில்ல. அவர் வழக்கமா டீசல் ஊத்தினதும் இறங்கிடுவாரா?"

"மேல அவருக்கு யார் இருக்கா, பேசிகிட்டு நிக்க? உடனே கிளம்பிடுவார்."

அவருடைய ஸ்கூட்டர் அந்த மலையில் பாதி கூட ஏறாது. வாசலில் போய் நின்றார். காற்று நின்றிருந்தது. தங்கை தார்ப்பாயைத் தரையில் விரித்துத் தனியாக மடித்துப் பார்த்தாள். போனின் மூலையில் இருந்த சின்னக் குறுக்குக் கோட்டை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் எதிர்க்கடையில் ஒரு போன் கூவியது. பக்கத்தில் இன்னொன்று. தெரு முழுக்க, காலையிலிருந்து தேங்கிக் கிடந்த செய்திகள் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. டவருக்கு உயிர் வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள்.

அழைத்தார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அழைத்தார். எடுக்கவில்லை. மூன்றாவது முறை மாப்பிள்ளை எடுத்தார்.

"பாத்தீங்களா மச்சான், முதல் போனே உங்களுக்குத்தான் கிடைச்சிருக்கு."

"எங்க இருக்கீங்க?"

"இறங்கிட்டிருக்கேன். கான்கிரீட்ல. நாலையும் பூட்டித்தான், நீங்க சொன்ன மாதிரி."

தங்கை எதிரே வந்து நின்றாள். யார் என்று கண்ணால் கேட்டாள்.

கொஞ்சம் நிறுத்துங்கள், எங்காவது ஆயில் ஒழுகுகிறதா பாருங்கள் என்றார் அவர். இந்த இறக்கத்தில் எவன் நிறுத்துவான், கீழே வந்து நீங்களே பாருங்கள் என்று சிரித்தார் மாப்பிள்ளை. சிரிப்புக்குப் பின்னால் ஒரு முனகல் கேட்டது. இரும்பின் முனகல். விட்டு விட்டு வந்தது, விடுகிற நேரம் குறைந்துகொண்டே வந்தது.

"அது என்ன சத்தம்?"

"காலைல பாத்தோமே, அந்த முறுக்குதான். ஓடினா இளகிடும்னு நீங்கதானே சொன்னீங்க? ஸ்டீயரிங்கும் கல்லு மாதிரி இருக்கு."

அவர் தங்கையின் முகத்தைப் பார்த்தார். பிறகு பார்க்காமல் திரும்பிக்கொண்டார்.

"நிறுத்துடா."

அந்த 'டா'வை அவர் இத்தனை வருடத்தில் சொன்னதில்லை.

"முன் ஆக்சில் வேற, பின் ஆக்சில் வேற. நான் தப்பாப் பாத்துட்டேன்."

"நீங்களா?"

"நான்தான். ஷாஃப்ட் முறியப் போகுது. பின்னால முறிஞ்சா ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைப் பிடிக்காது. கால் பிரேக்ல நிறுத்து. எஞ்சினை அணை. ரிவர்ஸ் மட்டும் போடாதே, முறுக்கு இன்னும் ஏறும். குதிச்சு இறங்கி சக்கரத்துக்குக் கல்லு வை."

மலைப்பக்கம் ஒதுக்குகிறேன் என்று குரல் வந்தது. பிறகு, திரும்ப மாட்டேங்குது. பிறகு பிரேக்கின் கிறீச். எஞ்சின் நின்றது. அந்த அமைதியில் முதல் சத்தம் கேட்டது. இரும்பு முறிகிற சத்தம் அவருக்குத் தெரியும். பின் ஷாஃப்ட். இனி வண்டியைப் பிடித்திருப்பது இரும்புக் கடை ஆக்சில் மட்டும்.

கதவு திறந்தது. ஓடுகிற காலடி. கல்லைப் புரட்டுகிற மூச்சு. தங்கை அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை.

"வச்சுட்டேன்" என்றார் மாப்பிள்ளை.

"ரோட்டை விட்டு விலகு. மேல்பக்கம் போ."

இரண்டாவது சத்தம். முதல் சத்தத்தை விடச் சின்னது. பிறகு எதுவுமில்லை. பிறகு வெகு கீழேயிருந்து ஒன்று. இன்னும் கீழேயிருந்து இன்னொன்று.

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். தங்கை பெயர் சொல்லாமல், என்னங்க, என்னங்க என்று அந்தப் போனின் முதுகைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"மச்சான்."

"சொல்லு."

"கல்லு மேல ஏறிப் போயிடுச்சு. மெதுவா. ஒண்ணுமே இல்லாத மாதிரி." மூச்சு வாங்கியது. "அதுக்குத்தானே பெரிய டயர் வாங்கினேன்."

போனைத் தங்கையிடம் கொடுத்தார். அவள் அதைக் காதில் வைத்துக்கொண்டு தார்ப்பாயின் மேல் உட்கார்ந்தாள். கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். ஒரு முறை அண்ணனைப் பார்த்தாள். இனி எப்போதும் அப்படித்தான் பார்ப்பாள் என்று அவருக்குத் தோன்றியது.

உள்ளே மேஜை மேல் டப்பா மூடி கிடந்தது. கோடு உச்சிக்குச் சற்று வலப்பக்கம் நின்றிருந்தது. போன வாரம் கல்குவாரி வண்டிக்கு அடியில் முன் ஆக்சிலைப் பார்த்தபோது கோடு எந்தப் பக்கம் நின்றது என்று யோசித்தார். அதே இடம் என்று சொன்னது நினைவிருந்தது. எந்த இடம் என்று நினைவில்லை.

எதிர்க்கடைக்குப் போனார். ஒரு போன் கொடுங்கள் என்றார். சூப்பர்வைசரின் எண்ணைப் பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார். திரும்பி வந்து, அதைப் பார்த்து, ஒவ்வொரு எண்ணாக இரண்டு முறை சரிபார்த்து அழுத்தினார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.