ஐரீன் யார் பக்கம்

வசந்தமலர் ஒனிஹங்காவில் இருந்த அந்த எம்.பி. அலுவலகத்துக்கு முதன்முதலாகப் போனது வேலை கேட்டு அல்ல. கொழும்பில் தனித்துக் கிடந்த தம்பிக்கு விசா எடுக்க வழி கேட்டுத்தான் போனாள். ஐரீன் மக்கே என்ற அந்த எம்.பி. தானே தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, இடையில் ஒரு தடவைகூட மணிக்கூட்டைப் பார்க்காமல் அவள் கதை முழுவதையும் கேட்டார். தம்பி வந்து சேர்வதற்குள் வசந்தமலர் அங்கே வருகிற மற்றவர்களுக்கு மொழிபெயர்க்கத் தொடங்கியிருந்தாள். அடுத்த தேர்தல் முடிந்ததும் ஐரீன் அவளையே செயலாளராக வைத்துக்கொண்டார்.

பெயர் சொல்லிக் கூப்பிட அவளுக்கு நெடுநாள் வாய் வரவில்லை. ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றுதான். ஆனாலும் ஐரீனோடு பேசும்போது அது அவள் மனதுக்குள் எப்போதும் 'நீங்கள்' தான்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு நவம்பரில் பொதுத்தேர்தலோடு சேர்த்துச் சர்வசன வாக்கெடுப்பும் வந்தது. பழையபடி தொகுதிக்குத் தொகுதி முந்தியவரே எல்லாவற்றையும் அள்ளுவதா, அல்லது நாடு முழுவதும் ஒரு கட்சிக்கு விழுந்த வாக்குகளின் அளவுக்கு ஆசனம் கொடுப்பதா என்பதுதான் கேள்வி. ஒரே கட்சிக்குள்ளேயே ஆட்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். வசந்தமலரின் வீட்டிலும் அது புகுந்தது. கணவர் சோதிலிங்கம் மின்சாரப் பொறியியலாளர். ஐரீனுடைய கட்சியின் லின்ஃபீல்ட் கிளைத் தலைவர். மாற்றம் வேண்டும் என்று வீட்டு வாசலில் பலகை நட்டிருந்தார். ஐரீன் பழைய முறையின் பக்கம். கூப்பிட்டு வைத்து ஏச ஒவ்வொரு ஊருக்கும் சொந்தமாக ஒரு எம்.பி. இருக்கவேண்டும் என்பது அவர் வாதம். பின்னேரங்களில் வசந்தமலரை வீட்டில் இறக்கிவிடும்போது அந்தப் பலகையைப் பார்த்து மூக்கைச் சுழிப்பார். அதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டார்.

மாற்றம் வென்றது. ஐரீன் தன் தொகுதியைக் காப்பாற்றிக்கொண்டார். கட்சி ஆட்சியைப் பிடிப்பதை மயிரிழையில் தவறவிட்டது. கட்சித் தலைவர் டெஸ் ஹாரிகன் அதோடு வாயை மூடியிருக்கலாம். அவர் தொலைக்காட்சியில் தோன்றி, சனங்கள் ஏமாற்றப்பட்டுவிட்டார்கள், ஒருநாள் இதைத் திருப்பி மாற்றுவோம் என்றார். மறுநாளே அவரை இறக்குவதற்கு ஆள் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு பக்கமும் அநேகமாகச் சமம். ஐரீன் யார் பக்கம் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. டெஸ் அவருடைய இருபது வருடச் சிநேகிதர். ஐரீனின் கணவருடைய செத்தவீட்டில் சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் தாங்கியவர்.

அலுவலகத் தொலைபேசி ஓயாமல் அடித்தது. வாடகை வீட்டில் கூரை ஒழுகுகிறது என்று சொல்ல வந்த தொங்கா நாட்டு அம்மா ஒருத்தி, எடுக்கிற எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள் என்று கண்டு, "நீங்களும் பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஐரீன் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு பழைய மாங்கரே பாலத்தடிக்குப் போனார். கடல் வற்றிச் சேறு தெரிந்தது. பாலத்தில் வரிசையாக நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐரீன் காரை நிறுத்தி, சாவியைத் திருகி, பிறகும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

"நான் டெஸ்ஸுக்கு எதிராகப் போடப்போகிறேன், மலர்."

வசந்தமலர் அவர் பக்கம் திரும்பினாள்.

"அந்த முறை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. புது முறைக்காகத் தொகுதிகளைக் குறைக்கும்போது என்னுடையதும் போய்விடும், அதுவும் தெரியும். ஆனால் சனம் சொல்லிவிட்டது. சொன்ன சனத்தைப் பார்த்து 'உங்களுக்கு விளங்கவில்லை' என்கிறவருக்குப் பின்னால் நான் எப்படி நிற்பேன்?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திங்கட்கிழமை வெலிங்டனில் பாராளுமன்றத்துக்குப் போய் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். வேறு யார் வாயாலும் அவர் இதைக் கேட்கக்கூடாது. அது ஒன்றுதான் எனக்கு முக்கியம்."

"என்னிடமிருந்து போகாது" என்றாள் வசந்தமலர்.

அவள் அதை மனதாரத்தான் சொன்னாள்.

சனிக்கிழமை காலை சோதிலிங்கம் தோசைக்குச் சம்பலைத் தொட்டபடியே பேச்சை எடுத்தார். "நாளைக்குக் கிளைக் கூட்டம். உம்மட ஐரீன் டெஸ்ஸை விடமாட்டா எண்டு எல்லாருக்கும் தெரியும். அவவிலை நம்பிக்கையில்லை எண்டு எங்கட கிளையிலை இருக்கிற கொலின் ஒரு தீர்மானம் கொண்டுவாறார். நானும் கையெழுத்து வைக்கத்தான் வேணும்."

"அவவுக்கு எதிராவோ? நீங்களோ?"

"நான் ஆளிலை கோவிச்சுக் கதைக்கேல்லை. கொள்கையைக் கதைக்கிறன்."

"தம்பி வந்து இறங்கேக்கை எயார்போட்டிலை அவ பூவோட நிண்டது கொள்கையோ, ஆளோ?"

"அது வேறை, இது வேறை, மலர்."

பேப்பர்களில் ஐரீனின் பெயர் நாறும், வெலிங்டனுக்குப் போகிற நேரத்தில் சொந்தத் தொகுதியே முதுகில் குத்தியதாக இருக்கும் என்று நினைக்க வசந்தமலருக்குப் பொறுக்கவில்லை. "அந்தத் தீர்மானம் தேவையில்லை, இஞ்சாருங்கோ" என்று சொல்லிவிட்டாள்.

சோதிலிங்கத்தின் கை கோப்பையில் அப்படியே நின்றது. "தேவையில்லையோ?"

அவள் தோசைக்கல்லின் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பிய விதமே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அவர் கெட்ட எண்ணத்தில் ஒன்றும் செய்யவில்லை. ஐரீனுக்கு வீணாக ஒரு அவமானம் வரக்கூடாது என்றுதான் கொலினுக்குப் போன் எடுத்துத் தீர்மானத்தை விட்டுவிடச் சொன்னார். ஏன் என்று கொலின் துருவிக் கேட்டபோது, "நான் சொல்லுறதை நம்பும்" என்றார். கொலினுக்கு வானொலியில் ஒரு சிநேகிதர் இருந்தார்.

திங்கட்கிழமை காலை பாடசாலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த மகள் லோஜனா குசினிக்குள் எட்டிப் பார்த்தாள். "அம்மா, ஐரீன்ஸ் ஆன் தி நியூஸ்!"

ஐரீன் மக்கே தலைவரைக் கைவிட்டுவிட்டதாக நம்பகமான இடத்திலிருந்து தெரியவருகிறது என்று செய்தி சொன்னது. வசந்தமலர் கணவரைப் பார்த்தாள்.

"கொலினுக்கு மட்டும்தான்..." என்றார்.

அவள் சண்டை பிடிக்க நிற்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அலுவலகத்தைத் திறக்கும்போதே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. பத்திரிகைக்காரர் என்றுதான் எடுத்தாள்.

"டெஸ் ஹாரிகன் பேசுகிறேன். ஐரீன் இருக்கிறாளா?"

"இன்னும் வரவில்லை."

"அது உண்மையா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வந்ததும் எடுக்கச் சொல்கிறேன் என்று வைத்திருக்கலாம். வசந்தமலருக்கு ஐரீன் பாலத்தடியில் கண்ணாடி துடைத்தது நினைவுக்கு வந்தது.

"அவர் என்ன முடிவு எடுத்தார் என்று நான் சொல்லக்கூடாது, ஐயா. ஆனால் இன்றைக்கு உங்களிடம் நேரில் வந்து சொல்லத்தான் டிக்கெட் எடுத்திருக்கிறார். உங்களுக்கு முதல் வேறு யாருக்கும் தெரியக்கூடாது என்று நின்றார். வானொலிக்குப் போனது அவரிடமிருந்து அல்ல. என் வீட்டிலிருந்து. பிழை என்னுடையது."

"எத்தனை மணி விமானம்?" என்று மட்டும் டெஸ் கேட்டார். சொன்னாள். வைத்துவிட்டார்.

ஐரீன் உள்ளே வரும்போது அவரும் செய்தியைக் கேட்டிருந்தார். வசந்தமலர் எழுந்து நின்று, சனிக்கிழமை நடந்ததையும் டெஸ்ஸோடு பேசியதையும் சொன்னாள். சாக்கு எதையும் சேர்க்கவில்லை.

ஐரீன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "ஒன்றைத்தானே கேட்டேன்" என்றார். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு, "நீ வீட்டுக்குப் போ, மலர். இந்தக் கிழமை வரவேண்டாம். நான் யோசிக்கவேண்டும்" என்று சொல்லிவிட்டு விமான நிலையத்துக்குப் போய்விட்டார்.

மறுநாள் எம்.பி.க்களின் கூட்டத்தில் டெஸ் தோற்றார். தொலைக்காட்சியில் அவர் புதிய தலைவருக்குக் கைகொடுப்பதைக் காட்டினார்கள். பின்வரிசையில் ஐரீன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தான் கேட்டது நடந்தும் சோதிலிங்கத்துக்கு அதில் சந்தோஷம் இல்லை. கிளைத் தலைவர் பதவியை விடுகிறேன் என்று எழுந்தார், இருந்தார், மறுபடியும் எழுந்தார். "அதாலை ஆருக்கு என்ன வரப்போகுது?" என்று மட்டும் வசந்தமலர் கேட்டாள். இருவருக்கும் இடையில் அந்தக் கிழமை கறிக்கு உப்புக் காணுமா, போதாதா என்பதைத் தவிர அதிகம் பேச்சில்லை.

சனிக்கிழமை பின்னேரம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஐரீன். பலகை நின்ற இடத்தில் இன்னும் புல் முளைக்காமல் கிடந்த வெறும் மண்ணைத் தாண்டி உள்ளே வந்தார்.

சோதிலிங்கம்தான் முந்திக்கொண்டார். "அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான்தான் முகத்தைப் பார்த்து ஊகித்தேன். வாயைத் திறந்தது நான். என்னை ஏசுங்கள்."

"ஏசத்தான் வந்தேன்" என்று சொல்லி ஐரீன் கதிரையில் இருந்தார். களைத்துப்போயிருந்தார். "அதற்கு முதல் ஒன்று கேட்கவேண்டும். இந்த மாற்றத்துக்காக ஏன் இவ்வளவு பாடுபட்டாய்? கூட்டங்களில் நீ சதவீதக் கணக்கைத் தவிர வேறு எதுவும் பேசி நான் கேட்கவில்லை."

சோதிலிங்கம் கொஞ்சம் தடுமாறினார். பிறகு சொன்னார். "எண்பத்திரண்டில் எங்கள் நாட்டிலும் ஒரு சர்வசன வாக்கெடுப்பு வைத்தார்கள். தேர்தல் இல்லாமலே பாராளுமன்றத்தை இன்னும் ஆறு வருடம் நீட்டலாமா என்று. ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் எல்லாரும் குடத்துக்குப் போட்டோம். நாடு விளக்குக்குப் போட்டது. அடுத்த வருடம் கொழும்பில் என் வீட்டை எரித்தார்கள். கூடின பக்கம் வென்றுவிட்டால் மற்றப் பக்கம் இல்லை என்று ஆகிவிடக்கூடாது, ஐரீன். அவ்வளவுதான் எனக்கு."

"அங்கையும் இந்த விகிதாசார முறை வந்ததுதானே. வந்து என்னத்தைக் கிழிச்சுது?" என்றாள் வசந்தமலர் தமிழில். சோதிலிங்கம் அதை மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. ஐரீன் அந்தக் கிழமையில் முதல் தடவையாகச் சிரித்தார்.

"அதை நீ கூட்டத்தில் சொல்லியிருந்தால் நான் ஒருவேளை..." என்று தொடங்கிவிட்டு, "இல்லை, மாறியிருக்கமாட்டேன். ஆனால் கேட்டிருப்பேன்" என்றார்.

தேத்தண்ணீர் வந்தபின் வெலிங்டனில் நடந்ததைச் சொன்னார். விமானத்தால் இறங்கியபோது டெஸ்ஸே காரோடு வந்து நின்றாராம். கடற்கரையோரம் நிறுத்திவைத்து வாய்க்கு வந்தபடி கத்தினாராம். பிறகு இரண்டு பேருக்குமாக மீன் பொரியலும் சிப்ஸும் வாங்கிவந்து, கடதாசியை மடியில் விரித்து, ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார்களாம்.

"நீ அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்காவிட்டால் அவர் வந்திருக்கமாட்டார், மலர். இனி எங்கள் சிநேகிதம் எப்படியிருக்கும் என்று தெரியாது. ஆனால் அவர் வந்தார்."

வசந்தமலர் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "எனக்கு இன்னும் வேலை இருக்கிறதா?"

"அந்தத் தொங்கா அம்மா மூன்று தரம் வந்துவிட்டாள். கூரை இன்னும் ஒழுகுதாம். அவளுடைய வீட்டுச் சொந்தக்காரன் என்னோடு பேசமாட்டானாம், உன்னைத்தான் கேட்கிறானாம்."

திங்கட்கிழமை வசந்தமலர் வேலைக்குப் போனாள். எல்லாம் உடனே பழையபடி ஆகிவிடவில்லை. முக்கியமான எதையும் சொல்வதற்கு முன் ஐரீன், "இது வீட்டுக்குப் போகக்கூடாது" என்று ஒரு தடவை சொல்லிக்கொள்வார். அவள் தலையை ஆட்டுவாள். குத்தத்தான் செய்தது, ஆனாலும் அது நியாயம் என்று அவளுக்குத் தெரியும். டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு முதல் கிழமை, அலுவலகத்தைப் பூட்டும் நேரத்தில், தொகுதி போனபின் தான் என்ன செய்ய நினைக்கிறார் என்பதை ஐரீன் மேசையில் சாய்ந்தபடி சொல்லத் தொடங்கினார். இதுவரை தன் பிள்ளைகளுக்கும் சொல்லாத யோசனை அது. பாதி சொல்லி முடித்தபிறகுதான், இந்தத் தடவை அவர் அந்த எச்சரிக்கையைச் சொல்லவில்லை என்பது வசந்தமலருக்கு உறைத்தது. அவள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.