இடது குரல் நாணில் ஒரு மஞ்சள் சதுரம்

1

இந்தக் கதை எனக்கு என் தொண்டையிலிருந்து கிடைத்தது. மனத்திலிருந்து என்று சொன்னால் கௌரவமாக இருக்கும், ஆனால் பொய். மூன்று வாரமாகக் குரல் கம்மியிருந்ததால் மருத்துவமனைக்குப் போனேன். மூக்கு வழியே மெல்லிய கேமராக் குழாயை இறக்கினார்கள். பக்கத்துச் சின்னத் திரையில் என் குரல் நாண்கள் தெரிந்தன. ஒன்றின் ஓரத்தில் ஒரு மஞ்சள் சதுரம். நோய் இருக்கலாம் என்று கணினி சந்தேகப்படும் இடத்தில் போடும் அடையாளமாம். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"பயப்படாதீங்க, அது எச்சில்" என்று சிரித்தார் செவிலி. "எச்சில்னா என்னன்னு இந்த மெஷினுக்கு ஆயிரம் தடவை சொல்லிக் கொடுத்துட்டேன். இன்னும் மண்டையில ஏறல."

எனக்கு எச்சில்தான். ஆனால் 'சொல்லிக் கொடுத்துட்டேன்' என்ற அந்தச் சொல் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. இனி வருகிற செவிலி அவரல்ல. நான் உண்டாக்கியவள்.

2

முதல் தொடக்கம்: 'மருத்துவத் துறையில் இன்று கணினி ஒரு மாபெரும் புரட்சியை...' (அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கும் எதையும் நானே படிப்பதில்லை.)

இரண்டாவது: 'திரையில் மெல்ல விரிந்தது ஒரு செந்நிறப் பூ...' (குரல் நாண் பூ மாதிரி இருக்காது. பார்த்தவன் சொல்கிறேன்.)

மூன்றாவது நிலைத்தது:

செவிலிக்கு எட்டு மாதமாக இரண்டு வேலை. காலையில் கேமரா அறையில் மருத்துவருக்கு உதவி. மதியத்துக்குமேல், காற்றே வராத கோப்பறையில் உட்கார்ந்து, முடிவு தெரிந்த பழைய தொண்டைப் படங்களைக் கணினியில் திறந்து, நோய் இருக்கும் இடத்தைச் சுற்றிக் கோடு போடுவது. வீக்கம், முடிச்சு, வெள்ளைப் படலம், கட்டி, எச்சில். ஆறாயிரம் படங்கள். அவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் மெஷின் கற்றது.*

* இதற்கு ஆழ்கற்றல் என்று பெயர். விதி எதையும் சொல்லித் தருவதில்லை. படத்தையும் பதிலையும் காட்டிக்கொண்டே இருந்தால் அதுவாக அடையாளம் பிடித்துக்கொள்கிறது. குழந்தைக்கு நாயைக் காட்டுவதுபோல. சில நாள் ஆட்டையும் நாய் என்று சொல்லும்.

3

அவளுடைய அக்காவின் கணவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் என்று இருபத்திரண்டு வருடமாக ஊருக்குச் சொல்கிறவர். இரண்டு மாதமாகக் குரல் கரகரத்துக் கிடந்தது. முதல் முறை குழாய் இறக்கிப் பார்த்த இதே மருத்துவர், "பேசிப் பேசி வீங்கியிருக்கு, தொண்டைக்கு ஓய்வு குடுங்க" என்று அனுப்பிவிட்டார். இது இரண்டாவது முறை.

"என்ன டீச்சரம்மா, உன் ஸ்டூடண்ட் இன்னிக்கு வந்திருக்கானா?" என்று நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டார். தகரத்தில் மணல் கொட்டியதுபோல் இருந்தது குரல்.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க அத்தான். மரத்துப்போற மருந்து அடிச்சிருக்கு."

மெஷின் அப்போது சோதனை ஓட்டத்தில்தான் இருந்தது. அதன் கருத்து செவிலியின் சின்னத் திரைக்கு மட்டும் வரும். மருத்துவரின் பெரிய திரைக்கு வராது.

"வீக்கம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. ஆறு வாரம் கழிச்சு வாங்க" என்றார், குழாய் வழியே பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர்.

சின்னத் திரையில், இடது நாணின் முன்பக்கத்தில், மஞ்சள் சதுரம். அங்கே நோய் இருக்க வாய்ப்பு நூற்றுக்கு எழுபத்தொன்று.

அவளுக்கு மெஷின்மேல் இருந்த சந்தேகத்தைவிடத் தன்மேல் இருந்ததுதான் பெரிதாக இருந்தது. கண் சொக்கிய மதியங்களில் எத்தனை கோடுகளைக் கோணலாகப் போட்டாளோ. அந்தத் தப்பைத்தான் இது திருப்பிச் சொல்கிறதோ? வாயைத் திறந்தால், ஒரு சொட்டு எச்சிலுக்காக அக்கா வீடே இடிந்து உட்கார்ந்துவிடும். திறக்காமல் விட்டால்...

(இந்த வாக்கியத்தை நான்கு முறை முடித்துப் பார்த்தேன். அவளால் முடித்திருக்க முடியாது. அப்படியே இருக்கட்டும்.)

4

மருத்துவரைப் பற்றி ஒரு வாக்குமூலம். முதல் பிரதியில் அவரைத் திமிர் பிடித்தவராக எழுதியிருந்தேன். "மெஷினா எனக்குப் பாடம் எடுக்கிறது?" என்று மேஜையைத் தட்டினார். கதைக்கு வசதிதான். ஆனால் ஒரு காலையில் நாற்பது தொண்டை பார்க்கிறவருக்கு மேஜையைத் தட்ட நேரமேது? திருத்தி எழுதினேன்.

"டாக்டர், ஒரு நிமிஷம். குழாயை எடுக்காதீங்க."

"ஏன் சிஸ்டர்?"

"இடது பக்கம் முன்னாடி மெஷின் கட்டம் போடுது. எச்சிலாவும் இருக்கலாம். ஒரு தடவை முழுங்கச் சொல்லிட்டுப் பாக்கலாமா?"

"போன வாரம் நல்லா இருந்த தொண்டைக்கெல்லாம் கட்டம் போட்டுச்சே."

"ஆமா டாக்டர். இதுவும் அப்படியே இருந்துட்டா சந்தோஷம். ஆனா எனக்கு மனசு கேக்கல."

மருத்துவர் கதவுக்கு வெளியே நின்ற வரிசையைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "சரி. மெஷின் சொல்லுச்சுன்னு பாக்கல. நீங்க சொல்றீங்கன்னு பாக்கறேன்."

அத்தான் விழுங்கினார். இருமினார். இன்னொரு முறை விழுங்கினார். எச்சிலாக இருந்தால் நகர்ந்திருக்கும். நகரவில்லை. மருத்துவர் குழாயை இன்னும் நெருங்க இறக்கி, விளக்கின் நிறத்தை மாற்றினார். அரிசியில் பாதி அளவுக்கு ஒரு வெள்ளைப் படலம். அதைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாக ரத்தக் குழாய்கள்.

"வீக்கத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்திருக்கு. நான் விட்டுட்டேன் சிஸ்டர்" என்றார் மெதுவாக.

மூக்கில் குழாயோடு அத்தான் செவிலியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவளும் விடுவிக்கவில்லை.

5

முடிவுகள் மூன்று எழுதினேன். ஒன்றில் சதைப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்து எல்லோரும் சிரித்தார்கள். அது உங்களை ஏமாற்றுவது. இன்னொன்றில் அத்தான்... (கிழித்துவிட்டேன். அவரைச் சாகடித்து எனக்கு ஆகவேண்டியது எதுவுமில்லை.)

நின்ற முடிவு இது. புற்றுநோய்தான். ஆனால் ஆரம்பக் கட்டம், நாணைத் தாண்டவில்லை. ஆறு வாரக் கதிர்வீச்சில் குணமாகிவிட நிறையவே வாய்ப்பு இருக்கிறது என்றார்கள். அக்கா முதலில் அழுதாள், பிறகு திட்டினாள். "ரெண்டு மாசமா மிட்டாயைச் சப்பிக்கிட்டு ஊரையே சமாளிச்சீங்களே!" திட்ட ஆரம்பித்ததும் செவிலிக்கு மூச்சு வந்தது. அக்கா திட்டினால் நம்பிக்கை வந்துவிட்டது என்று பொருள்.

அந்த வாரம் மருத்துவர் கோப்பறைக்கே வந்தார். "முதல் தடவை நான் கோட்டைவிட்ட படத்தையும் சேத்துடுங்க சிஸ்டர். அதுவும் கத்துக்கட்டும், நானும் கத்துக்கறேன்." அவள் அதைப் பெரிதாக்கி, அவசரப்படாமல், ஒரு கோடு போட்டாள். கோணலாக இல்லை.

6

ஐந்து மாதம் கழித்து, அத்தான் வேலைக்குத் திரும்பும் நாள். நோய் போய்விட்டது, இது உறுதி, எழுதிவிட்டேன். ஆனால் குரல் பழையபடி இருக்குமா என்று யாரும் சொல்லவில்லை. வீட்டில் அவர் கிசுகிசுப்பாகவே பேசிவந்தார். செவிலியும் அக்காவும் நடைமேடையில் நிற்கிறார்கள். கண்ணாடி அறைக்குள் அவர் பொத்தானை அழுத்துகிறார். ஒலிபெருக்கி கரகரக்கிறது. பைகளைத் தூக்கிய ஜனம் தலை நிமிர்கிறது. அக்கா தங்கையின் கையை நசுக்குகிறாள்.

கனத்த குரல், மெலிந்த குரல், புதுக்குரல் எல்லாம் எழுதிப் பார்த்தேன். எதுவும் அவருக்குப் பொருந்தவில்லை. இதைப் படிக்கும்போது உங்களுக்குள் ஒரு குரல் ஓடிக்கொண்டிருக்கிறதல்லவா? அதை அவருக்குக் கொஞ்சம் இரவல் கொடுங்கள். வாய்விட்டே படியுங்கள், மீதியை நீங்களே சொல்லி முடியுங்கள்:

"பயணிகள் கவனத்திற்கு. மூன்றாம் நடைமேடையில் நிற்கும் வண்டி, இன்னும் சற்று நேரத்தில்