உள்மணியின் வயது

கூடத்தில் விரிப்பை உதறிப் போட்டுக்கொண்டிருந்தபோது, கணவரின் அறையில் இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. இறந்தவரின் உடல் இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபாடில்லை. அவள் விரிப்பை அப்படியே போட்டுவிட்டுப் போனாள். கணவரின் ஆய்வகக் கூட்டாளி மேசையைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"என்ன தேடறீங்க?"

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "அண்ணன் வெச்சிருந்த வில்லை, அண்ணி. பாறை வயசு அளக்கற மெஷின் இந்த வாரக் கடைசியில நம்ம முறை. விட்டா அடுத்த வருஷம்தான்."

"அவரே இன்னும் வீடு வந்து சேரல."

அவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். வில்லை அவள் கைப்பையில் இருந்தது. வார்டில் படுத்திருந்தபோது கணவர் கொடுத்து, பத்திரமாக வைக்கச் சொன்னது. காசளவு பிசினுக்குள் பாதியாகத் தேய்த்த ஜிர்கான் என்ற கனிமத்தின் மணிகள், மணலைவிடப் பொடி. ஒரு குன்றுப் பாறையை நொறுக்கிச் சலித்து எடுத்தவை.

அந்தப் பாறையின் வயதுக்காகத்தான் இருவருக்கும் வருஷக்கணக்கில் சண்டை. ஒரே சூட்டில் உருவான இளம்பாறை என்று கூட்டாளி அச்சிலேயே ஏற்றிவிட்டார். மணியின் உள்கரு மிகப் பழையது, பாறை பின்னால் மறுபடி வெந்தபோதுதான் மேலே தோல் வளர்ந்தது என்பது கணவரின் கட்சி. "தோலை அளந்துட்டுக் கிழவனைப் பையன்ங்கறான்" என்று சாப்பாட்டு மேசையில் சிரிப்பார். ஆய்வகத்தில் அவருக்குக் கல்லுளிமங்கன் என்று பெயர்.

முந்தைய வில்லை கூட்டாளியிடம் இருந்தபோது உடைந்தது. கை தவறிவிட்டதாம். அதை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. போதாக்குறைக்கு, வார்டில் இருவரும் ஏதோ பேசிக்கொண்டிருந்தவர்கள், அவள் மாத்திரையோடு உள்ளே நுழைந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாடை எடுத்தபோது கூட்டாளியும் தோள் கொடுத்தார், குலுங்கி அழுதார். அந்த அழுகையையும் அவள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெஷின் முறை வந்த அன்று அவளே ஆய்வகத்துக்குப் போய் வில்லையை நீட்டினாள்.

"நான் பக்கத்துலயே இருப்பேன்."

"இருங்க அண்ணி."

திரையில் ஒரு மணி பெரிதாக எழுந்தது. நடுவில் கருமை, சுற்றிலும் வெளிறிய வளையம். மெஷினின் கதிர் பாயவேண்டிய இடத்தைக் காட்டும் குறி வளையத்தின் மேல் போய் நின்றது.

"உள்ள வைங்க" என்றாள்.

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டுக் குறியை நகர்த்தினார். யுரேனியம் எவ்வளவு ஈயமாகியிருக்கிறது என்று மெஷின் எண்ணத் தொடங்கியது. எண்கள் ஏறி இறங்கி ஓரிடத்தில் நின்றன. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அண்ணன் சொன்ன வயசுதான்."

"அன்னைக்கு வார்டுல என்ன பேசினீங்க?"

"நானே அளக்கணும்னு சத்தியம் வாங்கினார். தப்பு பண்ணினவன் கண்ணாலதான் பாக்கணுமாம். உங்ககிட்டச் சொன்னா என்னை அளக்க விட மாட்டீங்கன்னார்."

கணவர் சொல்லக்கூடிய பேச்சுதான். வேறு யாராவது புனைந்தாலும் அப்படித்தான் புனைவார்கள்.

அவர் வில்லையை வெளியே எடுக்கப் போனார்.

"இருக்கட்டும்" என்று நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அடுத்த மணியைக் காட்டுங்க."