மேளம் இல்லாத முகூர்த்தம்

ஜெயந்துக்குச் சத்தம் ஆகாது. ஜெர்மனியில் கொலோன் நகரத்து வீட்டில் பிரிட்ஜ் உறுமுகிறது என்று அதைத் தூக்கி மாடிப்படிக்கு அடியில் வைத்தவன் அவன். அவன் எழுதும் இசையும் அப்படித்தான். வயலின்காரர் வில்லைத் தந்தியில் வைத்துவிட்டாரா, இல்லை வைக்கலாமா என்று யோசிக்கிறாரா என்று கேட்பவர்களுக்குச் சந்தேகம் வரும். நடுநடுவே எல்லோரும் வில்லைத் தூக்கிப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அதுவும் அவன் எழுதி வைத்ததுதான். அந்த ஊர்க்காரர்கள் இருமலை அடக்கிக்கொண்டு கேட்டு, முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பரிசெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். திருவனந்தபுரத்துக் கரமனை அக்கிரகாரத்தில் பிறந்து, கோவில் உற்சவத்து ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்ததோ தெரியாது.

அவனுடைய அப்பா சேஷன், ஏஜீஸ் ஆபீசில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். மகனின் ஒலித்தட்டுகளை எல்லாம் வாங்கி அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார். என்றாலும் ஒரு குறை. மேடையில் வாசித்து, நேரில் உட்கார்ந்து, ஒரு தடவை கேட்க வேண்டும். அதைப் பல வருஷங்களுக்கு முன்பே மகனிடம் சொல்லிவிட்டார். ஜெயந்தும் அடுத்த வருஷம் அப்பா, அடுத்த வருஷம் என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஒரு வருஷம் இத்தாலியில் கச்சேரி, ஒரு வருஷம் புதிதாக எழுதுகிற வேலை, ஒரு வருஷம் மனைவியோடு பிரிவு. அப்படியே அப்பாவுக்கு எண்பது வந்துவிட்டது.

சதாபிஷேகத்துக்கு நாள் குறித்தபோதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. அப்பாவுக்காகவே ஒன்று எழுதினான். இரவு பகல் பாராமல் எழுதினான். இதுவரை எழுதியதிலேயே மென்மையானது அதுதான் என்று அவனுக்கே ஒரு கர்வம். அதை வாசிக்க நாலு நண்பர்களையும் கோவளம் கடற்கரையைக் காட்டி ஆசை மூட்டிக் கூட்டிக்கொண்டு வந்தான். சதாபிஷேகத்தில் கிழவர் கிழவிக்கு மறுபடியும் தாலி கட்டுவார் அல்லவா, அந்த நேரத்தில் கெட்டிமேளத்துக்குப் பதில் இது ஒலிக்க வேண்டும். அப்பாவுக்கு முன்கூட்டித் தெரியக்கூடாது. அவர் கையில் தாலியோடு இருக்கும்போது மகனின் இசை வந்து அவரைத் தொட வேண்டும். இதுதான் திட்டம்.

திட்டத்தைத் தங்கை ஆஷாவிடம் போனில் சொன்னான். அவள் திருவனந்தபுரத்திலேயே இருப்பவள். அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான். நாஞ்சில் நாட்டிலிருந்து தவில்காரர் தாணுமாலையனின் கோஷ்டிக்கு அவள் அப்போதே சொல்லி வைத்திருந்தாள். வேண்டாம் என்று சொல்லிவிடு, அந்த இரைச்சலில் நான் எழுதியது எங்கே கேட்கும் என்றான் ஜெயந்த்.

“மேளம் இருக்கட்டும்டா,” என்றாள் ஆஷா. “அப்பா அதுக்காக்கும் காத்துண்டிருக்கார்.”

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஊரில் எல்லாக் கல்யாணத்திலும் கொட்டுகிற மேளம் பெரிதா, பெற்ற பிள்ளை எழுதியது பெரிதா என்று கேட்டான். ஆஷா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, செரி, உன் இஷ்டம் என்று வைத்துவிட்டாள். ஒரு தந்தி மயிரிழை இறங்கியிருந்தால்கூடக் கண்டுபிடிக்கும் காதுக்காரன், தங்கை ஏன் பேசாமல் இருந்தாள் என்று யோசிக்கவே இல்லை.

முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான் வந்து இறங்கினான். ஒத்திகைக்குச் சௌகரியம் என்று நண்பர்களோடு கோவளத்திலேயே தங்கிக்கொண்டான். வீட்டுக்குப் போனபோதெல்லாம் உறவுக்கூட்டம். அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டு தானே பேசிக்கொண்டிருந்தார். மழை, கோவில், ஆற்றுக்கால் பக்கம் புதிதாகப் போட்ட பாலம், போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் பழைய நண்பர் ஒருவர் காலமானது. இது ஜெயந்துக்குப் பழக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை போனிலும் அப்பா இப்படித்தான், மூச்சு விடாமல் பேசிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவார். மகனை ஒரு கேள்வி கேட்க மாட்டார், பதிலுக்கும் நிற்க மாட்டார். வயதானால் வாய் நீளும் என்று அவனும் போனை மேஜைமேல் சாய்த்து வைத்துவிட்டு, எழுதியதைத் திருத்திக்கொண்டிருப்பான். அவனுக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

அன்று காலை மண்டபத்தில் கலச ஜலத்தை அப்பா தலையில் ஊற்றி, மயில்கண் வேஷ்டி உடுத்தி மணையில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் அம்மா வாலாம்பாள், புதுப் பெண் மாதிரி குனிந்த தலை. மேடையின் ஓரத்தில் நாலு வெள்ளைக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜெயந்த் அந்த நால்வருக்கும் அருகில் நின்றான். மின்விசிறிகளை நிறுத்தச் சொல்லியிருந்தான், சாப்பாட்டுக்கூடத்தில் பாத்திரம் உருட்டக்கூடாது என்று பரிசாரகரைக் கெஞ்சியிருந்தான். மேளம் இல்லாமலா என்று முகத்தைச் சுளித்த புரோகித வாத்தியார், வெளிநாட்டுப் பிள்ளையோடு எதற்கு வழக்கு என்று விட்டுவிட்டார்.

வில்கள் அசைந்தன. மண்டபம் வேர்வையோடு மௌனமாயிற்று. வாத்தியார் தாலியை எடுத்து அப்பா கையில் கொடுத்து, கட்டலாம் என்று ஜாடை காட்டினார்.

அப்பா கட்டவில்லை. தாலியை இரண்டு கையிலும் ஏந்தி, அம்மா கழுத்துக்கு நேரே பிடித்தபடி, முகத்தைச் சற்றே சாய்த்து அப்படியே இருந்தார். கண் பாதி மூடியிருந்தது. வாத்தியார் மறுபடி ஜாடை காட்டினார். அப்பா அசையவில்லை. கேட்கிறார் என்று நினைத்தான் ஜெயந்த். கேட்டு, மெய்மறந்து இருக்கிறார். இத்தனை வருஷம் எழுதியதெல்லாம் இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் என்று தோன்றியது. அவ்வளவு சந்தோஷமாக அவன் அதற்கு முன் இருந்ததில்லை, அதற்குப் பிறகும் இருக்கப் போவதில்லை.

நண்பர்கள் வில்லைத் தூக்கினார்கள். அவன் எழுதிய நீண்ட மௌனம் வந்தது. அந்த மௌனத்தில், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி அப்பா பேசினார்.

“மேளக்காராளெல்லாம் எங்கே? கொட்டச் சொல்லுங்கோ, நல்ல நேரம் போறது.”

குழந்தைகள் சிரித்தன. வயலின்காரி திடுக்கிட்டு ஜெயந்தைப் பார்த்தாள். அம்மா அவசரமாக நிமிர்ந்து, அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து, வாயைப் பெரிதாகத் திறந்து, சத்தமே இல்லாமல், கட்டுங்கோ என்று உதட்டை அசைத்தாள். அப்பா அந்த உதட்டையே பார்த்தார். பிறகு முடிச்சுப் போட்டார். அட்சதை விழுந்தது.

அம்மாவின் அந்த உதட்டசைவு புதிதாகப் பழகியதல்ல. நாள்பட்ட பழக்கம். ஜெயந்துக்கு அதைப் பார்த்ததுமே எல்லாம் விளங்கிவிட்டது. விளங்காமல் இருந்தால் தேவலை என்றிருந்தது.

சாப்பாட்டுக்கூடத்து வாசலில் ஆஷாவைப் பிடித்துக் கேட்டான். அவள் மறைக்கவில்லை. அப்பாவுக்கு நாலைந்து வருஷமாகவே காது கேட்பதில்லை என்றாள். கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. காதில் வைக்கும் மிஷின் வாங்கிக் கொடுத்தும் இரைகிறது என்று கழற்றிப் போட்டுவிட்டார். உன்னிடம் சொல்லக்கூடாது என்று அம்மாவிடமும் என்னிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வீட்டுத் துக்கம் எதையும் சொல்லாமல் இருப்பது அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். ஆபரேஷன் ஆகிப் பத்தியச் சோறு முடிந்த பிறகுதான் அமெரிக்காவுக்குத் தகவல் போகும். ஆனால் அப்பா சொன்ன காரணம் வேறு.

“பாட்டு எழுதறவனோட அப்பாக்குக் காது கேக்காதுன்னு தெரிஞ்சா அவனுக்குக் கை ஓடாதுன்னார்,” என்றாள் ஆஷா. “தவில் மட்டும் இப்பவும் கேக்கறது அவருக்கு. நெஞ்சுல வந்து அடிக்கறதாம். ஒரு மாசமா அதையே சொல்லிண்டிருந்தார்டா.”

அப்போதே சொல்லியிருக்கக்கூடாதா என்று கேட்க வாயெடுத்தான். தங்கை தன்னால் ஆனமட்டும் சொல்லித்தான் பார்த்தாள் என்பது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டான். தாணுமாலையனின் எண்ணை வாங்கிப் போன் செய்தான். அவர்கள் வேறொரு கல்யாணத்துக்காக நாகர்கோவிலில் இருந்தார்கள். எவ்வளவு கேட்டாலும் தருகிறேன், இப்போதே வர முடியுமா என்றான்.

“முகூர்த்தம் முடிஞ்சாச்சுல்லா சார்,” என்றார் தாணுமாலையன். “இனி வந்து என்னத்துக்குக் கொட்ட?”

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். ஜெயந்த் போனை வைத்தான்.

பந்தி முடிந்து கூட்டம் கலைந்தபின், மணமகன் அறையில் அப்பா தனியாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழுத்து மாலையைக்கூடக் கழற்றவில்லை. ஜெயந்த் போய் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தான். மேளத்தை நிறுத்தியது நான்தான் என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தான். எந்தக் குரலில் சொல்வது என்று தெரியவில்லை. சத்தம் போட்டுப் பேசியே பழகாதவன்.

அப்பாவே பேச ஆரம்பித்தார். ஏற்பாடெல்லாம் பிரமாதம் என்றார். பாயசத்தில் சர்க்கரை சற்றுத் தூக்கல் என்றார். மேளக்காரர்களுக்கு வண்டி கிடைக்கவில்லை போலிருக்கிறது, பாவம், அவர்களைக் கோபித்துக்கொள்ளாதே என்றார். பிறகு திறந்திருந்த கதவு வழியாக மேடையைப் பார்த்தார். அங்கே நண்பர்கள் வாத்தியங்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா குனிந்து, ரகசியம் கேட்பதுபோல அவனைக் கேட்டார்.

“அவா எப்போடா வாசிக்கப் போறா? காலம்பற ஸ்ருதி சேத்துண்டு இருந்தாளே. நீ எழுதினதைத்தானே?”

ஜெயந்த் அவர் முகத்தைப் பார்த்தான். உண்மையாகவே கேட்கிறார். காலையிலிருந்து அதற்காகவும் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவன் எழுந்து, மாலையை விலக்கி, அவர் காதோடு வாயை வைத்து, பிறந்ததிலிருந்து கத்தாத கத்தலாகக் கத்தினான்.

“இன்னும் எழுதி முடிக்கலைப்பா.”

மேடையில் நால்வரும் திரும்பிப் பார்த்தார்கள். மகன் ஏன் கத்துகிறான் என்று அப்பா கேட்கவில்லை. இந்த நாலைந்து வருஷத்தில் முதல் தடவையாக, மகன் சொன்னதற்கு அவர் பதில் சொன்னார்.

“அதுக்கென்ன,” என்றார். “நிதானமா எழுது. நான் எங்கே போயிடப் போறேன்.”